ஏற்காட்டு டாட்ஜ்: நான் கெடுத்ததும், காசில்லாம கெடுக்காம விட்டதும்

கார் போய் ஒன்றரை மாசம் ஆச்சு. இன்னும் காலைல கடைக்கு கிளம்புறப்ப ஷெட்டு பக்கம் ஒரு தடவ திரும்பி பாக்குற பழக்கம் போகல. அங்க இப்ப வீட்டுல மொளகா காயப் போட்டிருக்காங்க. எவ்ளோக்கு வித்த, லாபமா நட்டமான்னு ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கறதால ஒரே தடவையா எழுதிடலாம்னு உக்காந்தேன், நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் கார் மெக்கானிக் கிடையாது. சேலம் அம்மாபேட்டைல மோட்டார் ரீவைண்டிங் கடை, தறி மோட்டார், கிணத்து மோட்டார், கிரைண்டர், எது எரிஞ்சாலும் நம்ம கிட்ட வரும். 2019 டிசம்பர்ல ஏற்காட்டுல நாகலூர் போற வழியில ஒரு எஸ்டேட்ல இருந்து போன், காபி பழம் தோல் உரிக்கிற பல்பர் மோட்டார் எரிஞ்சு போச்சு, சீசன் நேரம், பழம் பறிச்சு மூட்டை மூட்டையா கெடக்கு, ஒரு நாள் தாண்டினா புளிச்சு வாசம் வந்துரும், கீழ எடுத்துட்டு வர எல்லாம் நேரமில்ல நீங்களே மேல வாங்கன்னு. வயர், இன்சுலேஷன் பேப்பர், வார்னிஷ் டப்பா எல்லாம் டிவிஎஸ் 50ல கட்டிட்டு 20 ஹேர்பின்னும் ஏறி போனேன். அந்த குளிர்ல வார்னிஷ் காயறதுக்கே ராத்திரி ஆயிருச்சு, அது வேற கதை.

மோட்டாருக்கு பக்கத்துல காங்கிரீட் மேடை மேல சாக்கு போட்டு மூடி ஒரு பழைய என்ஜின் இருந்துச்சு. சும்மா இருக்காம சாக்கை தூக்கி பாத்தேன். மேல தட்டையா ஒரு இரும்பு மூடி, அதுல ஆறு ஸ்பார்க் பிளக் வரிசையா நட்டு வச்ச மாதிரி நிக்குது. டீசல் என்ஜின் இல்ல, பம்ப்செட்டும் இல்ல. எஸ்டேட் ரைட்டர் கிட்ட கேட்டேன், அவரு வெத்தலைய ஒதுக்கிட்டு சொன்னாரு, "அது கரண்டு போனா பல்பர் ஓட்டறதுக்கு வச்சதுங்க தம்பி, மண்ணெண்ணெய் ஊத்தி ஓட்டுவாங்க. அதோட உடம்பு அந்த கொட்டாய்ல இருக்கு, பாக்கறீங்களா?"

உடம்புன்னா என்னன்னு புரியாமத்தான் பின்னாடியே போனேன். காபி களத்துக்கு அந்தாண்ட தகர கொட்டாய், உள்ள சில்வர் ஓக் பலகை, உடைஞ்ச ஏணி, மிளகு ஏத்தற கயிறு, அதுக்கெல்லாம் அடியில ஒரு டாட்ஜ் கிங்ஸ்வே. 1951 மாடல். நாலு டயரும் மண்ணோட மண்ணா உக்காந்து, முன்னாடி கிரில் மட்டும் பல்லு காட்டிட்டு இருந்துச்சு. ரைட்டரோட அப்பாவும் அதே எஸ்டேட்ல தான் வேலை பாத்தவராம். அவரு காலத்துல இதுக்கு டாட்ஜ்னு எல்லாம் பேரு இல்ல, பிளசர் தான். சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல் பக்கம் நிறுத்தினா ஷூட்டிங் வண்டின்னு நெனச்சு கூட்டம் கூடிருமாம். ஏற்காடு ரோட்டுல அந்த வளைவு வாசல் இன்னும் நிக்குது, இப்ப அதுக்குள்ள ஷூட்டிங்கும் இல்ல, வெளிய பிளசரும் இல்ல.

இந்த கார் பத்தி அப்பறமா நான் தேடி தேடி தெரிஞ்சுகிட்டது கொஞ்சம். அமெரிக்க கார்னு சொல்றோமே தவிர, இதையெல்லாம் பாகம் பாகமா கப்பல்ல கொண்டு வந்து பம்பாய்ல தான் பூட்டினாங்க. வால்சந்த் ஹிராசந்த் 1944ல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆரம்பிச்சு, கிரைஸ்லர் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, 1947ல இருந்து டாட்ஜ், பிளிமத் எல்லாம் குர்லால ஃபிட்டிங் பண்ணி விட்டாங்க. நமக்கெல்லாம் பிரீமியர்னா பத்மினி தான் ஞாபகம் வரும், அது ரொம்ப பின்னாடி. கிங்ஸ்வேன்னு பேர் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பின டாட்ஜ், முகம் மட்டும் தான் டாட்ஜ், உடம்பு பூரா பிளிமத். இது தெரியாதப்ப டாட்ஜ் பார்ட்ஸ்னு தேடி ரெண்டு மாசம் வீணாக்கினேன், பிளிமத்னு தேட ஆரம்பிச்சதும் தான் வழி தெரிஞ்சுது.

பானட்டை தூக்கினா உள்ள ஒரு பெர்கின்ஸ் டீசல். 1973ல பெட்ரோல் விலை ஏறுச்சு பாருங்க, அதுக்கப்பறம் இந்த மாதிரி படகு கார் வச்சிருந்தவங்க நிறைய பேர் பண்ணின வேலை இது, பெட்ரோல் என்ஜினை கழட்டிட்டு டீசல் என்ஜினை எப்படியோ உள்ள திணிக்கறது. இங்கயும் அதான் நடந்திருக்கு. கழட்டின என்ஜின் தான் பல்பர் ரூம்ல சாக்கு போத்திட்டு நிக்குது.

எஸ்டேட் அம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு இருக்கும். வித்துடலாம்னு தான் இருந்தாங்க, ஆனா பழைய இரும்புக்காரங்க வந்து கிலோ கணக்கு பேசினதுல கோவம். "என் கல்யாணத்துக்கு ஊர்வலம் வந்த வண்டிப்பா, அதை தராசுல வைக்கறேங்கறான்"னு சொன்னாங்க. நான் 2 லட்சம்னு ஆரம்பிச்சு 3,10,000ல வந்து நின்னேன். என் கிட்ட அவ்ளோ இல்ல, சீட்டு எடுத்து தான் குடுத்தேன். பல்பர் ரூம் என்ஜினை தனியா கேட்டப்ப "அதுவும் அதோட சேந்தது தான, எடுத்துட்டு போ"ன்னுட்டாங்க. அன்னைக்கு அந்த வார்த்தையோட மதிப்பு எனக்கு தெரியல.

கீழ கொண்டு வந்ததே ஒரு திருவிழா. 16 அடி நீள வண்டி, அதை ஏத்தின லாரி ஒவ்வொரு ஹேர்பின்லயும் ரெண்டு தடவ ரிவர்ஸ் எடுக்குது, பின்னாடி டூரிஸ்ட் காருங்க ஹாரன் அடிச்சே சாவடிச்சானுங்க. வீட்டு வாசல்ல இறக்கினப்ப எங்க மாமனார் வந்திருந்தாரு, சுத்தி வந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம உள்ள போய் மோர் குடிச்சாரு. அதுக்கு திட்டியிருக்கலாம்.

அப்பறம் லாக்டவுன். கடை மூடி கெடந்த அந்த மாசங்கள்ல தான் வண்டி பூரா பிரிச்சது. எதிர் வீட்டு டிங்கர் பாய் கூட இருந்தாரு, வேலை இல்லாம அவருக்கும் கை நமநமங்குது. முதல் நாளே ஒரு கூத்து. வலது பக்க சக்கரம் ரெண்டும் கழண்டுருச்சு. இடது பக்கம் வந்தா ஒரு போல்ட்டும் அசையல. டீசல் ஊத்தி, தட்டி, கடைசில நாலடி பைப்பை ஸ்பேனர்ல மாட்டி பாயும் நானும் சேந்து தொங்கினோம், டப்புன்னு ஒரு சத்தம், போல்ட் தலை தனியா உருண்டு போச்சு. சந்தோசமா அடுத்ததுக்கும் அதே வைத்தியம், அதுவும் போச்சு. மூணாவது போல்ட்டை தேய்ச்சு பாத்த பாய் தான் கண்டுபிடிச்சாரு, தலையில சின்னதா 'எல்'னு ஆங்கில எழுத்து. அந்த காலத்து கிரைஸ்லர் கார்ல எல்லாம் இடது பக்க சக்கர போல்ட் இடது மரை. சக்கரம் முன்னாடி சுத்தறப்ப போல்ட் தானா லூஸ் ஆகிடக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். நாங்க கழட்டறோம்னு நெனச்சு பைப் போட்டு இறுக்கிட்டு இருந்திருக்கோம். பாய் தலைல கை வச்சுட்டு, "இத்தன வருசத்துல என்னை ஒரு போல்ட்டு முட்டாளாக்கினது இன்னைக்குத்தான்"னாரு. புது போல்ட் சேலத்துல குகைங்கற ஏரியால ஒரு லேத்துல சொல்லி கடைஞ்சு வாங்கினோம், அந்த லேத்து அண்ணன் டிராயிங்கை தலைகீழா புடிச்சுருக்கேன்னு ரெண்டு தடவ கேட்டாரு.

என்ஜின் விசயத்துக்கு வரேன். பல்பர் ரூம்ல இருந்து எடுத்த பெட்ரோல் என்ஜினோட நம்பரை பிளாக்ல, அதாவது என்ஜினோட முக்கிய இரும்பு உடம்புல, இடது பக்கம், முன்னாடி, டைனமோவுக்கு மேல ஒரு தட்டையான இடத்துல குத்தியிருப்பாங்க. கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு, சாக்பீஸ் தூள் தடவி, பழைய ஆர்.சி. புக்கை பக்கத்துல வச்சு பாத்தேன். ஆர்.சி.ல முதல்ல எழுதின நம்பரை அடிச்சுட்டு பக்கத்துல டீசல் என்ஜின் நம்பர் எழுதியிருந்தாங்க, அந்த அடிச்ச கோட்டுக்கு அடியில தெரியற நம்பரும் பிளாக்ல இருக்கற நம்பரும் ஒண்ணு. ஒவ்வொரு எழுத்தா வாய் விட்டு படிச்சேன், பொண்ணு வந்து என்னப்பா லாட்டரியான்னு கேட்டா. அப்ப கூட நான் ஒரிஜினலை மாட்டணும்னு எல்லாம் முடிவு பண்ணல, நேர்மையா சொல்லணும்னா அந்த பெர்கின்ஸ்க்கு போட்ட இஞ்சக்டர் பம்பு வேலைக்கு சொன்ன ரேட்டை விட பெட்ரோல் என்ஜின் செலவு கம்மியா தெரிஞ்சுது, அவ்ளோதான்.

கம்மியா தெரிஞ்சுது, கம்மி இல்ல. சைடு வால்வ் என்ஜின், ஆறு சிலிண்டர், 218 கன அங்குலம், நம்ம கணக்குல மூணரை லிட்டர். பாக்க எளிமையா இருக்கும், திறந்தா வால்வ் எல்லாம் பிளாக்குள்ளயே நிக்கும். நாலு வால்வ் துருவேறி பிடிச்சு போயிருந்துச்சு, மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து ஊத்தி பத்து நாள் ஊற வச்சு மர சுத்தியால தட்டி தட்டி எடுத்தோம். ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினோட மேல் மூடிக்கும் பிளாக்குக்கும் நடுவுல வைக்கற தகடு, இங்க கிடைக்கல, அமெரிக்கால ஒரு கடைல ஆர்டர் போட்டு, கஸ்டம்ஸ் கட்டி, நாப்பது நாள் கழிச்சு வந்துச்சு. பிரிச்சு ஹெட் மேல வச்சா ரெண்டு இன்ச் பத்தல! கிரைஸ்லர் இந்த சைடு வால்வ் சிக்ஸ்ல ரெண்டு நீளம் பண்ணியிருக்கான், 23 இன்ச் ஒண்ணு, 25 இன்ச் ஒண்ணு. அமெரிக்கால வித்த பிளிமத், டாட்ஜுக்கு 23. கனடால பண்ணினதுக்கு 25. என்னுது கனடா பிளாக். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்து ஹெட்டை அளந்திருந்தா 11,000 ரூபா மிச்சம். கடைக்காரனை குத்தம் சொல்ல வழியில்ல, அவன் லிஸ்ட்ல தெளிவா 23ன்னு தான் போட்டிருந்தான், நான் தான் காரோட பேரை மட்டும் பாத்தேன். அந்த சின்ன கேஸ்கட் இப்பவும் கடைல ஆணியில தொங்குது, வர்றவங்க எல்லாம் என்ன டிசைன் இதுன்னு கேப்பாங்க.

இந்த என்ஜின் வச்சிருக்கறவங்க யாராவது படிச்சா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. வாட்டர் பம்புக்கு பின்னாடி, பிளாக்குக்குள்ள, முன்ன இருந்து பின்ன வரைக்கும் ஒரு தகட்டு குழாய் ஓடும், பக்கவாட்டுல பொந்து பொந்தா வெட்டியிருக்கும். ரேடியேட்டர்ல இருந்து வர்ற குளிர்ந்த தண்ணிய எல்லா வால்வுக்கும் சமமா பிரிச்சு விடறது அது தான். அது துருப்பிடிச்சு உடைஞ்சுட்டா முன் சிலிண்டர் ஜில்லுனு இருக்கும், பின்னாடி அஞ்சும் ஆறும் வெந்துரும், மீட்டர் ஒண்ணுமே காட்டாது. வெளிய இருந்து பாத்தா இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. பாதி மெக்கானிக் ரேடியேட்டரை கழுவு, தெர்மோஸ்டாட்டை தூக்கி எறின்னு சொல்லிட்டே இருப்பாங்க. எங்க என்ஜின்ல எஸ்டேட் ஊத்து தண்ணி எத்தன வருசம் ஓடுச்சோ, கொக்கி போட்டு இழுத்தா குழாய் வரல, துருப்பொடி ஒரு சொம்பு அளவு வந்துச்சு. ரேடியேட்டரை கழட்டிட்டு ரெண்டு நாள் அந்த ஓட்டைக்குள்ள கம்பி விட்டு துண்டு துண்டா எடுத்தேன். புதுசு பித்தளைல பண்ணினோம், பாத்திரக் கடை தகடு தான்.

கரண்டு வேலை மட்டும் என் ராஜ்ஜியம். இந்த கார் 6 வோல்ட், அதுலயும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் தான் பாடில போய் உக்காரும். பாத்த எல்லாரும் ஒரே பாட்டு, 12 வோல்ட்டா மாத்திருங்க, மாருதி ஆல்டர்னேட்டர் ஒண்ணு போடுங்க, எல்.இ.டி. போடுங்க, ஸ்டார்ட் சும்மா பிச்சுக்கும்னு. எனக்கும் ஆசை தான். ஆனா டைனமோ, ஸ்டார்ட்டர், ஹெட்லைட், ஹாரன், பெட்ரோல் மீட்டர், எல்லாம் மாத்தணும், கணக்கு போட்டா முப்பதாயிரத்துக்கு மேல போகுது. கைல இல்ல. டைனமோ ஆர்மேச்சரை நானே சுத்தினேன், எனக்கு வயர் காசு மட்டும் தான். ஸ்டார்ட்டர் மோட்டாரும் அப்படியே. 6 வோல்ட் வண்டி ஸ்டார்ட் ஆகாதுன்னு சொல்றவங்க பாதி பேர் பேட்டரி கேபிளை பாக்கறதே இல்ல, வோல்ட் பாதி ஆச்சுன்னா அதே வேலைக்கு ஆம்பியர் ரெட்டிப்பு வேணும், அதுக்கு தக்கன தடியா கேபிள் போடணும், பைக்கடைல கிடைக்கற ஒல்லி வயரை போட்டுட்டு ஸ்டார்ட்டரை திட்டக்கூடாது. வெல்டிங் கேபிள் போட்டேன். சாவி திருப்பினா உறுமிட்டு தான் எந்திரிக்கும், ஆனா எந்திரிக்கும்.

அடுத்தது குரோம். கிரில், பம்பர், கைப்பிடி எல்லாம் தோல் உரிஞ்சு சொறி புடிச்ச மாதிரி. ஏற்காட்டு பனி தான் காரணம்னு நெனச்சேன். அது மட்டும் இல்லையாம். 1951, 52ல கொரியா சண்டை நடந்துட்டு இருந்தப்ப அமெரிக்க அரசாங்கம் நிக்கலை சண்டைக்கு ஒதுக்கிருச்சு, கார் கம்பெனிக்கெல்லாம் கட்டுப்பாடு. அதனால அந்த வருசத்து காருங்கள்ல குரோமுக்கு அடியில போட வேண்டிய நிக்கல் குறைஞ்சு போச்சு, சீக்கிரமே உரிஞ்சுது. எங்கயோ சண்டை, இங்க சேர்வராயன் மலையில பம்பர் துரு! வேலைய எங்க குடுக்கறதுன்னு யோசிச்சப்ப சேலத்துக்காரனுக்கு என்ன கவலை, செவ்வாய்பேட்டைல கொலுசு பட்டறை வச்சிருக்கற ஒரு சொந்தக்காரர், மச்சான் முறை, அவரு பாலிஷ் போடற ஆளை அனுப்பினாரு. அந்த பையன் கைப்பிடியையும் சின்ன மோல்டிங்கையும் கொலுசு மாதிரியே தேய்ச்சு குடுத்தான். பெரிய பம்பர் அவங்க தொட்டில இறங்காது, அதை மட்டும் வெளிய குடுத்தேன். கிரில்ல ரெண்டு பாகம் ரொம்ப பள்ளம் விழுந்திருந்துச்சு, அதை சரி பண்ண சொன்ன காசை கேட்டுட்டு அப்படியே சோப்பு தண்ணில கழுவி மாட்டிட்டேன்.

தரை தகடு முழுக்க ஓட்டை. நாமக்கல்ல லாரி பாடி கட்டற ஒருத்தர் கிட்ட தகடு வெட்டி வளைச்சு வாங்கி, பாய் கேஸ் வெல்டிங்ல பத்த வச்சாரு. பிரேக் சிலிண்டர் எல்லாம் பித்தளை ஸ்லீவ் போட்டது, முன் சக்கரத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சிலிண்டர், மலை வண்டிக்கு அதுல கஞ்சத்தனம் பண்ணல. சீட்டு ஸ்பிரிங், ஸ்டியரிங்ல விழுந்த விரிசல், டேஷ்போர்டு, அதுல ஓடாத கடிகாரம், இதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டாச்சு.

இப்ப பெயின்ட். இதுதான் நான் பெருமையா செஞ்ச ஒரே காரியம். கைல இருந்தது, சீட்டுல இருந்தது, வீட்டம்மா வளையல் வரைக்கும் போட்டு 1,85,000 ரூபா செலவுல, வண்டியோட மேல்பாதி கிரீம், கீழ்பாதி மெரூன்னு ரெண்டு கலர் அடிச்சேன். கண்ணாடி மாதிரி மின்னுச்சு. தெருவே வந்து செல்ஃபி எடுத்துச்சு. மாமனார் கூட முதல் தடவையா ஒரு வார்த்தை பேசினாரு, "பரவால்ல".

ட்ரையலுக்கு ஏற்காடு தான்னு முன்னாடியே நேந்துகிட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு நானும் பாயும். அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேடு வரைக்கும் ராஜா மாதிரி போச்சு, அடிவாரத்துல டீ குடிச்சுட்டு ஏறினோம். ஸ்டியரிங் பக்கத்துல கியர், மூணு கியர் தான், ஏத்தம் பூரா ரெண்டாவதுலயே அசால்ட்டா இழுக்குது, குறைஞ்ச வேகத்துல அப்படி ஒரு இழுவை. பாதி மலை ஏறின பிறகு ஒரு ஹேர்பின்ல திரும்பறப்ப ரெண்டு தடவ இருமிட்டு நின்னுருச்சு. பெட்ரோல் இருக்கு, கரண்டு இருக்கு. பெட்ரோல் பம்பு மேல கைய வச்சா சுடுது, உள்ள பெட்ரோல் ஆவியா மாறி அடைச்சுக்கிச்சு. பாய் தோள்ல கெடந்த துண்டை நனைச்சு பம்பு மேல சுத்தினோம், பத்து நிமிசம் குரங்குகளுக்கு வேடிக்கை காட்டிட்டு உக்காந்திருந்தோம், அப்பறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கும் ஆகாது, பம்பு டயஃப்ரம் ரெண்டு தடவ மாத்திட்டேன். ஏற்காட்டுல ஒண்டிக்கடை பக்கம் வந்து சேர்றப்ப ஏழே கால். எஸ்டேட்டுக்கு போய் காட்டினேன். அந்த அம்மா வெளிய வந்து, கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நல்லா இருக்குப்பா. ஆனா இது எங்க வண்டி மாதிரியே இல்லையே"ன்னாங்க. வயசானவங்க, கண்ணு சரியா தெரியலன்னு நெனச்சுகிட்டேன்.

ஏன் விக்கணும்னு கேப்பீங்க. பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ், சீட்டு பாக்கி, லிட்டருக்கு அஞ்சு ஆறு கிலோமீட்டர். வேற காரணம் வேணுமா.

விளம்பரம் போட்டதும் போன் மேல போன். கல்யாண ஊர்வலத்துக்கு நாள் வாடகை எவ்ளோன்னு பாதி பேர். ஏசி இருக்கா, பவர் ஸ்டியரிங் இருக்கான்னு சில பேர். ஒருத்தர் பழைய இன்னோவாவும் மேல கொஞ்சம் காசும் தரேன்னாரு. ஒரு புரோக்கர் வந்து சுத்தி பாத்துட்டு 12 வோல்ட் மாத்தலையா, கடிகாரம் ஓடலையா, ஸ்டியரிங் விரிஞ்சிருக்கேன்னு ஒவ்வொண்ணுக்கும் அம்பதாயிரம் குறைச்சு ஆறு லட்சத்துல நிறுத்தினான். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, நான் அதுவரைக்கும் போட்டது மொத்தம், வண்டி விலையோட சேத்து, 11,70,000.

ரெண்டு மாசம் கழிச்சு பொள்ளாச்சி பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. கூட டிரைவர், கைல டார்ச், ஒரு பழைய போர்வை. பெயின்ட்டை ஏறெடுத்தும் பாக்கல. போர்வைய விரிச்சு வண்டிக்கு அடியில படுத்துட்டாரு, எழுவது வயசு ஆளு! வெளிய வந்து பானட்டை திறந்து டைனமோவுக்கு மேல டார்ச் அடிச்சு நம்பர் படிச்சாரு, ஆர்.சி. புக்கை வாங்கி அந்த அடிச்ச கோட்டை ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் டேஷ்போர்டை தடவினாரு. ஸ்டியரிங் விரிசலை நகத்தால தொட்டு பாத்தாரு. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணி, அந்த 6 வோல்ட் உறுமலை கேட்டுட்டு முதல் தடவையா சிரிச்சாரு.

"ஏனுங் தம்பி, 12க்கு மாத்தோணும்னு தோணலீங்களா?"

"காசில்லைங்க ஐயா"ன்னு உண்மைய சொன்னேன்.

"நல்லதுங். இந்த கிரில்லு?"

"அதுக்கும் இல்லைங்க."

"அதுவும் நல்லதுங். அப்ப இந்த கலரு?"

நான் பெருமையா ஆரம்பிச்சேன், கோயம்புத்தூர்ல இருந்து வரவழைச்ச பெயின்ட்டு, ரெண்டு கோட்டிங்குன்னு. அவரு கையமர்த்திட்டு கிளவ் பாக்ஸை திறந்து உள்பக்க மூலைல டார்ச் அடிச்சாரு. நாங்க பெயின்ட் அடிக்காம விட்ட இடம். புகை படிஞ்ச மாதிரி ஒரு வெளிர் பச்சை. "இதானுங்க இவளோட கலரு. ஒரு வண்டி மேல ஒரிஜினல் பெயின்ட் பாதி உரிஞ்சு இருந்தாலும் அதுக்கு ஒரு விலை இருக்குதுங். இப்ப இதை நான் சொரண்டி திருப்பி பச்சை அடிக்கோணும். அந்த செலவை உங்க விலையில கழிச்சுக்கறனுங்."

அப்பத்தான் எஸ்டேட் அம்மா சொன்னது புரிஞ்சுது. அவங்க கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு.

உக்காந்து கணக்கு போட்டோம். என்ஜின் நம்பர் ஒத்துப்போனதுக்கு அவரா ஏத்தினாரு, டேஷ்போர்டு, வயரிங், சீட்டு கையே வைக்காததுக்கு ஏத்தினாரு, நான் வளையல் வச்சு அடிச்ச பெயின்ட்டுக்கு 1,50,000 இறக்கினாரு. டீசல் என்ஜினோட இருந்திருந்தா இவ்ளோ தூரம் வந்தே இருக்க மாட்டேன்னு சொன்னாரு. ஏன்னா 2021 ஜூலைல மத்திய அரசு வின்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு, முதல் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருசம் தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, என்ஜின்ல பெரிய மாத்தம் இல்லாம பழைய ரூபத்துலயே இருக்கணும். அப்ப தான் நம்பர்ல வி.ஏ.ன்னு ரெண்டு எழுத்து சேத்து தருவாங்க. புதுசா பதிய 20,000 ரூபா, 10 வருசத்துக்கு செல்லும், அதுக்கப்பறம் புதுப்பிக்க 5,000. தெனசரி ஓட்டறதுக்கோ வாடகைக்கோ கூடாது, அதனால கல்யாண ஊர்வலக்காரங்க போனை எடுக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. அந்த அம்மா சும்மா தூக்கி குடுத்த பல்பர் ரூம் இரும்பு தான் இந்த வண்டிய வண்டியா ஆக்கினது, சொல்லி அவங்களுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துட்டு போய் குடுத்தேன், எதுக்குப்பா இதெல்லாம்னு வாங்கிக்கிட்டாங்க.

10,40,000ல முடிஞ்சுது. 1,30,000 நட்டம், எங்க ரெண்டு பேரோட நாலு வருச ஞாயித்துக்கிழமை அந்த கணக்குல சேக்கல. பாய்க்கு நான் குடுக்க வேண்டியது குடுத்தாச்சு, அவரு அதுல ஒரு கேஸ் வெல்டிங் செட் புதுசா வாங்கிட்டாரு. வீட்டம்மா வளையல் அடகு மீட்டாச்சு. பேப்பர் மாத்தறது போயிட்டு இருக்கு, வித்தா 90 நாளுக்குள்ள ரெண்டு பக்கமும் தெரிவிக்கணும்ங்கறதால பெரியவர் வாரம் ஒரு தடவ போன் பண்ணிருவாரு.

வண்டிய ஏத்தி விடறப்ப டிரைவர் கிட்ட மூணு தடவ சொன்னேன், இடது பக்கம் சக்கரம் கழட்டணும்னா போல்ட்டை திருப்பி சுத்துங்க, தலைல எழுத்து இருக்கும் பாருங்கன்னு. சரிங்க சரிங்கன்னு தலைய ஆட்டினாரு. போன வாரம் பெரியவர் போன், வழியில பஞ்சர், கடைக்காரப் பையன் பைப் மாட்டி தொங்கி ஒரு போல்ட் தலைய எடுத்துட்டான். "ஏனுங் தம்பி, அந்த லேத்துக்காரர் இன்னும் இருக்காருங்களா?" குகைக்கு போய் நாலு சொல்லிட்டு வந்திருக்கேன், சனிக்கிழமை பஸ்ல போட்டு விடணும். லேத்து அண்ணன் இந்த தடவ டிராயிங்கே கேக்கல.